650 வாட் பெட்டியும் 12 வாட் கணினியும்

வாட் மீட்டரை நான் வாங்கியது கணினிக்காக அல்ல. பழைய குளிர்சாதனப் பெட்டி எவ்வளவு மின்சாரத்தை விழுங்குகிறது என்று பார்க்கத்தான். அந்த வேலை முடிந்தபின் மீட்டர் சும்மா கிடந்தது. அறையின் மூலையில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்த சிறிய கணினியின் பிளக்கை உருவி, இடையில் அதைச் செருகினேன். திரையில் 38 என்று வந்தது. கணினி அப்போது ஒரு வேலையும் செய்யவில்லை. வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அது விளையாட்டுக்கான கணினி அல்ல. இன்டெல் என்100 சிப் பதித்த சின்ன மதர்போர்டு, ஒரு எஸ்எஸ்டி, இரண்டு 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க், ஒரு ஃபேன், அவ்வளவுதான். வீட்டிலுள்ளவர்களின் கைப்பேசிப் படங்களும் கோப்புகளும் அதில் வந்து சேரும். மற்ற நேரமெல்லாம் சும்மா இருக்கும். அந்தச் சிப்பின் விவரக்குறிப்பில் 6 வாட் என்று போட்டிருக்கிறது. வெப்பத்தை வெளியேற்றும் ஏற்பாட்டுக்கான எண் அது, முழு வேகத்தில் ஓடினால் அதைத் தாண்டிவிடும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அதைப் படித்து மயங்கித்தான் போர்டை வாங்கியிருந்தேன். 6 எங்கே, 38 எங்கே?

38 வாட் ஒரு பெரிய விஷயமா என்று தோன்றலாம். அணையாமல் ஓடும் எதிலும் 1 வாட் என்பது ஆண்டுக்கு 8.76 யூனிட். இந்த ஒரு எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றக் கணக்கெல்லாம் தானே வந்துவிடும். என் 38 வாட், ஆண்டுக்கு 333 யூனிட். உங்கள் ஊர் கட்டணத்தால் பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அது உறைத்தது.

பழியை உடனே எஸ்எம்பிஎஸ் மேல் போட்டேன்; சுவரிலிருந்து வரும் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பவர் சப்ளைப் பெட்டி அது. அதற்குக் காரணமும் இருந்தது. என்னிடம் இருந்தது பழைய கணினியொன்றிலிருந்து கழற்றிய 500 வாட் பெட்டி, பெயர்கூடத் தேய்ந்துபோயிருந்தது. இருப்பதைப் பயன்படுத்துவோம் என்று மாட்டியது, அப்படியே நிலைத்துவிட்டது. இனி நல்லதாகவே வாங்கிவிடுவது என்று முடிவு செய்து, 80 பிளஸ் கோல்டு முத்திரை பெற்ற 650 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றை வாங்கினேன். ஏன் 650? பின்னால் உதவும் என்ற நினைப்புதான். நம் வீடுகளில் எத்தனையோ பொருட்கள் இந்த ஒற்றை வாக்கியத்தின் பேரில் வந்து அடைந்து கிடக்கின்றன.

மாட்டினேன். கேபிள்களைப் பொறுமையாகக் கட்டினேன். மீட்டரைப் பார்த்தேன். 34.

நான்கே வாட். கோல்டு என்றால் 90 சதவீதத் திறன், அதாவது சுவரிலிருந்து எடுப்பதில் 90 சதவீதம் கணினிக்குப் போய்ச் சேரும் என்றுதானே சொன்னார்கள்? முத்திரையின் விதிகளை அதன்பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். வாங்குவதற்கு முன் படித்திருக்க வேண்டும்.

80 பிளஸ் திட்டம் 2004-இல் தொடங்கியது. ஒரு பவர் சப்ளையை அதன் முழு வாட் அளவில் 20, 50, 100 சதவீதச் சுமைகளில் சோதித்துச் சான்று தருகிறார்கள். 115 வோல்ட் சோதனையில் கோல்டு பெற வேண்டுமானால் இந்த மூன்று இடங்களிலும் முறையே 87, 90, 87 சதவீதத் திறன் இருக்க வேண்டும். அதற்குக் கீழே உள்ள பிரான்ஸ் எனும் வெண்கல முத்திரைக்கு 82, 85, 82. எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் டைட்டேனியத்துக்கு மட்டும் 10 சதவீதச் சுமையிலும் ஒரு சோதனை உண்டு. இப்போது என் கணினியை எடுத்துக்கொள்ளுங்கள். 650 வாட்டில் 20 சதவீதம் என்பது 130 வாட். என் கணினி பிறந்ததிலிருந்து ஒரு நாளும் 130 வாட்டைத் தொட்டதில்லை. உள்ளே அதற்கு உண்மையில் வேண்டியிருந்தது, பின்னால் அளந்தபோது தெரிந்தது, 22 வாட். 650-இல் அது மூன்றரை சதவீதம்கூட இல்லை. முத்திரை பொய் சொல்லவில்லை. என் கணினி குடியிருக்கும் தெருவுக்கு அது வந்ததே இல்லை.

சுமை குறைந்தால் திறன் ஏன் விழுகிறது என்பதற்குக் கடை வாடகையை நினைத்துக்கொள்ளலாம். வியாபாரம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் வாடகை வாடகைதான். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சுற்று, டிரான்ஸ்ஃபார்மரின் உள்ளகம், நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடும் சுவிட்சுகள், ஃபேன் எல்லாமே சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். 300 வாட் வேலை நடக்கும் இடத்தில் 12 வாட் வாடகை கண்ணுக்குத் தெரியாது. 22 வாட் வேலைக்கு அதே 12 வாட் வாடகை என்றால் கடையை மூடிவிட்டுப் போகலாம். என் வீட்டில் நடந்தது சரியாக அதுதான்: 34-இல் 22 போக மீதி 12 வாட் வெறும் சூடு.

ஆகவே பெரிய பெட்டிகளை ஒப்பிடுவோர் முத்திரையின் நிறத்தோடு நின்றுவிடாமல், 20 வாட், 40 வாட் சுமைகளில் என்ன திறன் என்று சோதனை அறிக்கைகளில் தேட வேண்டும். சில ஆய்வாளர்கள் தனியாக அந்த அட்டவணையைப் போடுகிறார்கள். பவர் சப்ளைகளைச் சோதித்துச் சான்று தரும் சைபெனெடிக்ஸ் நிறுவனத்தின் மதிப்பீடு மூன்று புள்ளிகளோடு நிற்காமல் ஏராளமான சுமைச் சேர்க்கைகளை அளந்து சராசரி பார்ப்பதால், என்னைப் போன்றவர்களுக்கு அது கூடுதலாக உதவும். அதோடு, எத்தனை வாட்டுக்குக் கீழே பெட்டி கிடைக்கவில்லையோ அதுவரை சிறியதாகப் போவது நல்லது. ஆனால் தனியாக விற்கும், மேசைக்கணினிகளுக்கான பொது வடிவமான ஏடிஎக்ஸ் வகை நல்ல பெட்டிகளில் 300 வாட்டுக்குக் கீழே அபூர்வம்.

அந்த இடத்தில்தான் பிகோ வகைப் பவர் சப்ளை எனக்கு அறிமுகமானது. தீப்பெட்டி அளவு இருக்கும். மதர்போர்டின் 24 பின் சாக்கெட்டில் அப்படியே உட்கார்ந்துவிடும். வெளியிலிருந்து மடிக்கணினி அடாப்டர் போன்ற ஒன்று 12 வோல்ட் தர, இது 5 வோல்ட்டையும் 3.3 வோல்ட்டையும் உருவாக்கிக்கொள்ளும். ஃபேன் கிடையாது, சத்தம் கிடையாது. கேபினெட்டில் பாதி இடம் காலியாகிவிடும்.

இதில் முதலில் புரிந்துகொள்ள வேண்டிய ஒன்றை நான் கடைசியில் புரிந்துகொண்டேன். 12 வோல்ட் மட்டுமே ஏற்கும் சாதாரண பிகோவில், உள்ளே வரும் 12 வோல்ட் எந்த மாற்றமும் இல்லாமல் ஒரு சுவிட்ச் வழியாக நேராகப் போர்டுக்கும் டிஸ்க்குக்கும் போய்விடுகிறது. அதைச் சீர்ப்படுத்தும் வேலை எதுவும் நடுவில் இல்லை. அதாவது நிஜமான பவர் சப்ளை அந்த அடாப்டர்தான். பிகோ வெறும் பாலம். ஏடிஎக்ஸ் விதிப்படி 12 வோல்ட் கம்பியில் 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம்; அதில் ஏறி இறங்கும் சிற்றலை 120 மில்லிவோல்ட்டைத் தாண்டக் கூடாது. இந்தக் கட்டுப்பாட்டையெல்லாம் காப்பாற்ற வேண்டியது சுவரோரம் கிடக்கும் அந்தக் கறுப்புப் பெட்டி. நானோ பிகோவுக்கு ஒரு வாரம் ஆராய்ச்சி செய்துவிட்டு, அடாப்டரை ஐந்து நிமிடத்தில் தேர்ந்தெடுத்தேன்.

12 வோல்ட், 5 ஆம்பியர், 60 வாட். 34 வாட் கணினிக்கு 60 தாராளம் என்று கணக்கு. சுவிட்சைப் போட்டேன். ஹார்ட் டிஸ்க் இரண்டும் விர்ரென்று எழும்பத் தொடங்கின. டிக் என்று ஒரு சத்தம். விளக்குகள் அத்தனையும் அணைந்தன. ஒரு நொடி கழித்துத் தானே மறுபடி தொடங்கியது. மறுபடி டிக். மூன்றாம் முறை எப்படியோ பிழைத்து எழுந்தது. ஒருமுறை எழுந்துவிட்டால் வாரக்கணக்கில் ஓடும்; மின்சாரம் போய் வந்தால் மறுபடி இந்தக் கூத்து.

காரணம் டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டிலும் அதன் விவரக்குறிப்பிலும் இருக்கிறது. 3.5 அங்குல டிஸ்க் ஒன்று சுழன்றுகொண்டிருக்கும்போது 5 வாட் அளவில்தான் எடுக்கும். ஆனால் நின்ற நிலையிலிருந்து தட்டுகளைச் சுழற்றி எழுப்பும் அந்தச் சில நொடிகளில் 12 வோல்ட் கம்பியிலிருந்து 2 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். ஒன்றுக்கு 24 வாட், இரண்டுக்கு 48. அதே நொடியில் சிப்பும் விழித்துக்கொண்டு முழு வேகத்தில் ஓடுகிறது. 60 வாட் அடாப்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மூடிக்கொண்டதில் தவறே இல்லை. வாட் மீட்டரில் இதைப் பார்த்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான மீட்டர்கள் நொடிக்கு ஒருமுறை எண்ணை மாற்றுகின்றன. உச்சம் அதற்குள் வந்து போய்விடும். உச்சத்தைக் காகிதத்தில் கூட்டித்தான் அறிய வேண்டும். டிஸ்க்குகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுப்பும் வசதி சில போர்டுகளிலும் டிஸ்க் அட்டைகளிலும் உண்டு. என் போர்டில் இல்லை.

120 வாட், 10 ஆம்பியர் அடாப்டர் வாங்கினேன். கூட்டிப் பார்த்தால் 90 வாட் அளவே போதுமானது. ஆனால் பெரிய பெட்டியில் செய்த அதே தவறை இங்கே மறுபடி செய்ததாகச் சொல்ல மாட்டேன். தேவையைப் போல் இருபது மடங்கு வாங்குவது ஒன்று, உச்சத்துக்குமேல் கொஞ்சம் இடம் விடுவது வேறொன்று. நல்ல அடாப்டர்களின் முதுகில் ரோமன் எழுத்தில் ஆறு என்று குறித்திருப்பார்கள். மின்சிக்கனத்தில் ஆறாம் நிலை என்று பொருள். 49 முதல் 250 வாட் வரையுள்ளவை அந்த நிலையைப் பெற, சராசரித் திறன் 88 சதவீதமாவது இருக்க வேண்டும். சும்மா செருகி வைத்திருக்கும்போது 0.21 வாட்டுக்குமேல் எடுக்கக் கூடாது. இந்தச் சராசரியும் 25 சதவீதச் சுமையிலிருந்துதான் எடுக்கப்படுகிறது என்பதை மறைக்கவில்லை. ஆனாலும் 120 வாட்டில் 22 என்பது 18 சதவீதம். மூன்றரை சதவீதத்துக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள்.

புது அடாப்டரோடு மீட்டர் 26 காட்டியது. இதோடு நிறுத்தியிருந்தால் கதை இனிதே முடிந்திருக்கும்.

நான்காம் நாள் பின்பக்கம் கையை விட்டபோது, அடாப்டர் கம்பி கணினியில் செருகும் பிளக் சுட்டது. வெதுவெதுப்பு இல்லை, விரலை வைத்து மூன்று எண்ண முடியாத சூடு. பிளாஸ்டிக் மணமும் லேசாக இருந்தது. அன்று பெரிய காப்புப் பிரதி ஓடிக்கொண்டிருந்தது. டிஸ்க் இரண்டும் உழைத்துக்கொண்டிருந்தன. அணைத்துவிட்டுப் பிளக்கை உருவிப் பார்த்தேன். வெளி விட்டம் இரண்டிலும் 5.5 மில்லிமீட்டர். அதனால்தான் அழகாக உள்ளே போயிருந்தது. ஆனால் அடாப்டர் பிளக்கின் நடுத்துளை 2.5 மில்லிமீட்டர், கணினிப் பக்கத்து ஜாக்கின் நடு ஊசி 2.1. ஊசி துளைக்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பட்டும் படாமலும் தொட்டுக்கொண்டிருந்தது. இந்த இரண்டு அளவுகளும் பார்வைக்கு ஒன்றே. தலைகீழாக இருந்திருந்தால் பிளக் உள்ளேயே போயிருக்காது, நானும் தப்பித்திருப்பேன். தளர்வாகப் பொருந்துவதுதான் ஆபத்து.

அந்தச் சூட்டுக்கு எவ்வளவு எதிர்ப்பு வேண்டும் என்று கணக்குப் போட்டால் அதிர்ச்சியாக இருக்கும். தொடும் இடத்தில் 0.1 ஓம் இருந்தால் போதும். 5 ஆம்பியர் ஓடும்போது அங்கே அரை வோல்ட் காணாமல் போகும். இரண்டரை வாட் அந்தச் சுண்டுவிரல் நுனி அளவு இடத்தில் சூடாக இறங்கும். மல்டிமீட்டரை எடுத்து, சுமை இருக்கும்போது போர்டின் பக்கத்தில் 12 வோல்ட் கம்பியை அளந்தேன்: 11.5. அடாப்டரின் வாயில் 12.1. விதியின் கீழ் எல்லையான 11.4-ஐ உரசிக்கொண்டு நான்கு நாள் ஓடியிருக்கிறது.

இதன்பின் நான் இத்தகைய ஒற்றை ஊசிப் பிளக்குகளை ஏற்பதில்லை. 5 ஆம்பியருக்குமேல் போகக்கூடிய இடத்தில் நான்கு பின் வட்டக் கனெக்டர் கொண்ட அடாப்டரையும் அதற்குரிய ஜாக்கையும் போட்டுக்கொண்டேன். மின்னோட்டம் இரண்டிரண்டு பின்களாகப் பிரிந்து போகிறது. கையைவிட்டுப் பார்த்தால் இப்போது குளிர்ந்தே இருக்கிறது. டிஸ்க்குக்கான கேபிளிலும் இதே எச்சரிக்கை வேண்டும். பழைய நான்கு பின் மோலெக்ஸ் கனெக்டரிலிருந்து இன்றைய டிஸ்க்குகளின் சாட்டா கனெக்டருக்கு மாற்றும் கேபிள்களில், கம்பியோடு சேர்த்து ஒரே பிளாஸ்டிக்காக வார்த்த கனெக்டர்கள் உள்ளுக்குள் ஒன்றையொன்று தொட்டுத் தீப்பற்றிய நிகழ்வுகள் உண்டு. கம்பியைப் பின்னாலிருந்து அழுத்திச் சொருகும் வகையை மட்டும் வாங்குகிறேன்.

இன்னொரு சிறு தொல்லை. இரண்டு பின் பிளக் அடாப்டரில் ஓடியபோது, கேபினெட்டின் திருகாணியைத் தொட்டால் சுருக்கென்றது. பழுது ஏதுமில்லை, மின்னிரைச்சலை வடிகட்டும் மின்தேக்கி வழியாகக் கசியும் மிகச்சிறு மின்னோட்டம் அது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. மாற்றியது மூன்று பின் அடாப்டர். எர்த் பின்னுக்கும் வெளியீட்டின் எதிர்முனைக்கும் தொடர்பு இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்தே ஏற்றேன், ஏனென்றால் மூன்றாவது பின் சில அடாப்டர்களில் எங்கும் போய்ச் சேர்வதில்லை.

பவர் சப்ளையோடு மல்லுக்கட்டி 38-ஐ 26 ஆக்கிவிட்ட பெருமையில் சில வாரங்கள் இருந்தேன். பிறகு ஒரு மாலை, வேறெதற்கோ லினக்ஸில் பவர்டாப் என்ற கருவியைத் திறந்தேன். சிப் எவ்வளவு நேரம் எந்த ஆழத்தில் தூங்குகிறது என்று அது காட்டும். என் சிப் தூங்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு விழித்திருந்தது. போர்டின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில் ஆழ்ந்த சி-நிலைகள், அதாவது சிப்பின் தூக்க நிலைகள், அணைக்கப்பட்டிருந்தன. அவற்றை இயக்கி, சாதன இணைப்புகளின் மின்சேமிப்பையும் இயக்கினேன். டிஸ்க்குகள் ஒரு மணி நேரம் யாரும் தொடாவிட்டால் சுழற்சியை நிறுத்தும்படி அமைத்தேன். பத்து நிமிடம் என்று வைக்கலாம்தான். ஆனால் நாள் முழுக்க நின்று நின்று எழுவது டிஸ்க்குக்குத் தேய்மானம். மீட்டரைப் பார்த்தேன். 12.

26-இலிருந்து 12. ஒரு பொருளும் வாங்காமல் 14 வாட். நான் வாங்கிய பெட்டி, பிகோ, அடாப்டர்கள், ஜாக் எல்லாம் சேர்ந்து மிச்சப்படுத்தியதும் 12 வாட்தான்.

முதலில் அமைப்புகளைச் சரிசெய்து, பிறகு சுமையை அளந்து, கடைசியாகப் பவர் சப்ளையைத் தேடியிருக்க வேண்டும். நான் வாலிலிருந்து தொடங்கினேன். வரிசை ஏன் முக்கியம் என்றால், சுமை குறையக் குறையப் பெரிய பெட்டியின் வாடகை இன்னும் கொடுமையாகத் தெரியும். இன்று உள்ளே 10 வாட்தான் தேவை. அந்த 650-ஐ மறுபடி மாட்டினால் வேலையைவிட வாடகை அதிகமாகிவிடும்.

சி-நிலைக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் ஒரு பழைய பகை உண்டு. பழைய பெட்டியை வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. 2013-இல் இன்டெல்லின் ஹாஸ்வெல் சிப்புகள் வந்தபோது, ஆழ்ந்து தூங்கும் சிப் 12 வோல்ட் கம்பியில் 0.05 ஆம்பியர் வரை இறங்கிவிடும் என்ற நிலை வந்தது. அத்தனை குறைந்த சுமையை எதிர்பாராமல் செய்த பழைய பெட்டிகளில், 12 வோல்ட்டையும் 5 வோல்ட்டையும் ஒன்றாகக் கட்டிச் சீராக்கும் வகையில், வோல்டேஜ் எல்லை தாண்டிக் கணினி தூக்கத்திலேயே அணைந்துவிடக்கூடும். சி-நிலையை இயக்கியபின் இரவில் காரணமில்லாமல் கணினி அணைந்தால், சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் அதுதான்.

இன்டெல் பின்னாளில் முன்வைத்த ஏடிஎக்ஸ்12விஓ என்ற பவர் சப்ளை வடிவம் ஏறக்குறைய பிகோவின் யோசனைதான்: எஸ்எம்பிஎஸ் 12 வோல்ட் மட்டும் தரட்டும், மற்றவற்றைப் போர்டு உருவாக்கிக்கொள்ளட்டும். சும்மா இருக்கும் கணினியின் வீணடிப்பைக் குறைப்பதே நோக்கம். அலுவலகங்களிலிருந்து கழித்துக் கட்டும், புத்தகம் அளவிலான சின்னக் கணினிகள் இதற்கு முன்பே மடிக்கணினி அடாப்டரில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. இரண்டு பெரிய டிஸ்க் தேவையில்லாதவர்கள் என் பாதையில் வராமல் அதிலொன்றை வாங்கிக்கொள்ளலாம். நானும் டிஸ்க்குகளுக்காகத்தான் இவ்வளவு அலைந்தேன்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அக்கா மகன், தன் கணினிக்கும் பிகோ போட முடியுமா என்று கேட்டான். அவனிடம் கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது.

"உனக்கு வேண்டாம்டா. உன் கணினி விளையாடும்போது 300 வாட் இழுக்கும். அதற்குப் பெரிய பெட்டிதான் சரி."

"அப்படியென்றால் உங்களிடம் சும்மா கிடக்கிறதே மாமா, அந்தக் கோல்டு?"

எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் வீட்டில் அது ஏறக்குறைய பாதிச் சுமையில் ஓடுகிறது. முத்திரை சொன்ன இடத்திலேயே வேலை செய்கிறது. வாட் மீட்டரும் அவனிடம்தான் இருக்கிறது. திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.